முதலாண்டு மாணவர்களுக்கு: பல்கலைக்கழகக் கட்டுரையைத் திட்டமிட்டு எழுதும் முறை

மலேசியாவின் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். பள்ளி இறுதித் தேர்வுகளில் கட்டுரை எழுதி நல்ல தேர்ச்சி பெற்ற மாணவர்கள், பல்கலைக்கழகத்தின் முதல் தவணையில் ஒப்படைக்கும் 2000 சொல் கட்டுரைக்குச் சராசரிப் புள்ளி வாங்கிவிட்டுத் திகைத்து நிற்பது ஆண்டுதோறும் நடக்கிறது. அவர்களுடைய மொழியில் பெரிய குறை இருப்பதில்லை. கருத்துகளுக்கும் பஞ்சம் இருப்பதில்லை. பள்ளியில் ஒரு தலைப்பைப் பற்றி நான்கைந்து கருத்துகளை விளக்கத்தோடும் சான்றோடும் அடுக்கினால் போதும். பல்கலைக்கழகத்திலோ ஒரு வினாவுக்கு ஒரு விடையைச் சொல்லி, அதைக் கடைசிப் பத்தி வரை ஆதாரங்களோடு தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இவ்வாண்டு சேரும் தம்பி தங்கைகளாவது அந்த அலைச்சல் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கலை, மனிதவியல், சமூக அறிவியல் பாடங்களின் கட்டுரைகளுக்கே இது பொருந்தும். ஆய்வுக்கூட அறிக்கைக்கும் சட்டத்துறையின் வழக்கு வினாக்களுக்கும் வடிவம் வேறு.

1. எழுதுவதற்கு முன் நான்கு ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

பாடத்திட்டத் தாள், வினாத்தாள், புள்ளி வழங்கும் அட்டவணை, மேற்கோள் முறைக் கையேடு ஆகிய நான்கையும் பல்கலைக்கழக இணையத்தளத்திலிருந்து பதிவிறக்கி ஒரே கோப்புறையில் போட்டுவிடுங்கள். நம் மாணவர்கள் 'ரூப்ரிக்' என்று சொல்லும் புள்ளி அட்டவணையைப் பலரும் கட்டுரையை ஒப்படைத்த பிறகுதான் பார்க்கிறார்கள். அதை முதலில் பாருங்கள். வாதத்துக்கும் பகுப்பாய்வுக்கும் 40 விழுக்காடு, மொழிக்கு 10 விழுக்காடு என்று அதில் இருந்தால், மூன்று இரவுகளை இலக்கணத் திருத்தத்துக்கே செலவிடுவது வீண் என்பது உடனே விளங்கிவிடும்.

வினாத்தாளில் நான்கு செய்திகளைத் தேடுங்கள்: சொல் எண்ணிக்கை, அந்த எண்ணிக்கையில் துணைநூல் பட்டியலும் அடிக்குறிப்பும் அடங்குமா என்பது, எந்த மொழியில் எழுத வேண்டும் என்பது, தாமதத்துக்கு எவ்வளவு புள்ளி கழிக்கப்படும் என்பது. இவை துறைக்குத் துறை மாறும். சென்ற ஆண்டு மூத்த மாணவர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். விளங்காவிட்டால் விரிவுரையாளரை மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வந்த பதில் பிறகு பயன்படும்.

2. நாள்காட்டியைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி நிரப்புங்கள்

அரசுப் பல்கலைக்கழகத் தவணையில் பொதுவாக 14 வாரம் விரிவுரை நடக்கும். நடுவில் ஒரு வார விடுமுறை வரும். வினா மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் கைக்குக் கிடைக்கும். ஒப்படைக்கும் நாள் ஒன்பதாம் பத்தாம் வாரத்தை ஒட்டி வரும். எல்லாப் பாடங்களின் ஒப்படைப்பு நாளும் அதே இரண்டு வாரங்களில் வந்து குவியும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஐந்து வாரம் கையில் இருந்தால், முதல் வாரத்தை வினாவுக்கும் தேடலுக்கும், அடுத்த ஒன்றரை வாரத்தை வாசிப்புக்கும், அதையடுத்து மூன்று நான்கு நாள்களைத் திட்டத்துக்கும், ஒரு வாரத்தை முதல் வரைவுக்கும் கொடுங்கள். எஞ்சிய நாள்கள் திருத்தத்துக்கும் மேற்கோள் சரிபார்ப்புக்கும் உரியவை. எழுதத் தொடங்கும்போது பாதிக்கு மேல் நேரம் கழிந்திருப்பது சிலருக்குப் பதற்றமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். திட்டம் உறுதியாக இருந்தால் 2000 சொல்லை நான்கு நாளில் எழுதிவிடலாம், திட்டம் இல்லாவிட்டால் நான்கு வாரமும் போதாது.

ஆண்டிறுதியில் நடக்கும் தவணையில் தீபாவளி குறுக்கே வரும். ஊருக்குப் போகும் பேருந்தில் படித்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தைப் பையில் வைப்பவர்கள் அதைத் திறப்பதில்லை. தீபாவளி வாரத்தை நாள்காட்டியில் வெறுமையாக விட்டுவிட்டு மற்ற வாரங்களைக் கணக்கிடுவதே நேர்மையான திட்டம்.

3. வினாவைப் பிரித்துப் பாருங்கள்

இங்கிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுசெல்கிறேன். வினா இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமைத் தகுதி பெற்றதே, உள்நகரக் குடியிருப்பாளர்கள் இடம்பெயர்ந்ததற்குத் தலையாய காரணம். இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்கலாம்?'

இதைப் பார்த்ததும் புதியவர், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் வரலாறு, யுனெஸ்கோவின் பணி, மரபுடைமையின் சிறப்பு என்று எழுதத் தொடங்கிவிடுவார். வினா அவற்றைக் கேட்கவில்லை. அதில் மூன்று கூறுகள் உள்ளன. பொருள், உள்நகரக் குடியிருப்பாளர்களின் இடம்பெயர்வு. கூற்று, அதற்கு 2008ஆம் ஆண்டுத் தகுதிதான் தலையாய காரணம் என்பது. கட்டளை, 'எந்த அளவுக்கு'. கட்டுரையின் உயிர் 'தலையாய' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு காரணத்தைத் தலையாயது என்று ஏற்கவோ மறுக்கவோ வேண்டுமானால் அதை வேறு காரணங்களோடு எடைபோட்டாக வேண்டும். ஆகவே இது ஒப்பீட்டுக் கட்டுரை. விளக்கக் கட்டுரை அன்று.

மலாய் வினாத்தாளில் கட்டளைச் சொற்களைக் குறிப்பாகக் கவனியுங்கள். 'ஹுராய்கான்' என்றால் விளக்கினால் போதும். 'பண்டிங்கான்' என்றால் ஒரே அளவுகோலால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். 'பின்சாங்கான்', 'நிலாய்கான்', 'செஜாவ் மானாகா' ஆகிய மூன்றும் உங்கள் முடிவைக் கேட்கின்றன. முடிவைக் கேட்கும் வினாவுக்கு விளக்கம் மட்டும் எழுதுவதுதான் புள்ளிகள் கரைந்துபோகும் முதல் இடம்.

4. வாசிப்பதற்கு முன் ஒரு தற்காலிக விடை

வினாவைப் பிரித்த அன்றே, எதையும் படிக்காமல், உங்களுக்குத் தோன்றும் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். அது தவறாக இருக்கலாம், கவலை இல்லை. விடை ஒன்றை வைத்துக்கொண்டு படிக்கும்போது, ஒவ்வொரு நூலும் அதற்கு ஆதரவா எதிரா என்ற கேள்வியோடு படிப்பீர்கள். இல்லாவிட்டால் பக்கம் பக்கமாக வண்ணக் கோடு போட்டுவிட்டு, எதற்காகப் போட்டோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

5. ஆதாரம் தேடுதல்: எங்கே, எவ்வளவு

2000 சொல் கட்டுரைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தரமான ஆதாரங்கள் போதும். முப்பது ஆதாரங்களைப் பட்டியலில் நிரப்பிவிட்டு நான்கை மட்டும் உண்மையில் படித்திருப்பது, திருத்துபவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகமோ மலாயாப் பல்கலைக்கழகத்தின் முதன்மை நூலகமோ எதுவாயினும், உங்கள் மாணவர் கணக்கின் வழியாக நூலக இணையத்தளத்தில் நுழைந்தால் கட்டண ஆய்விதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். கூகுள் ஸ்காலரில் தேடும்போது பணம் கேட்கும் பக்கம் வந்தால் அட்டையை எடுத்துவிடாதீர்கள்; அந்தக் கட்டுரையின் தலைப்பை அப்படியே நகலெடுத்து நூலகத்தின் தேடல் பெட்டியில் இடுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் நூலகரைக் கேளுங்கள். புதிய மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் வசதி நூலகர்தான்.

நம் எடுத்துக்காட்டு வினாவுக்கு முதன்மை ஆதாரங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் பட்டியலில் சேர்ப்பதற்கான முன்மொழிவு ஆவணமும் 2008ஆம் ஆண்டுத் தீர்மானமும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமை இணையத்தளத்தில் உள்ளன. மக்கள்தொகை விவரங்களை மலேசியப் புள்ளிவிவரத் துறை வெளியிடுகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிடும் 'கஜியான் மலேசியா' ஆய்விதழைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பழைய செய்திகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னியல் நாளிதழ்த் தொகுப்பு உதவும். மலாயா பற்றிய செய்திகள் அதில் ஏராளம்.

குறிப்பு எடுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் முளைக்கிறது. ஒரு தாளை மேலிருந்து கீழாகக் கோடிட்டு மூன்று கட்டமாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண். நடுவில் அவர் சொன்னது. வலப்பக்கம் அது உங்கள் தற்காலிக விடைக்கு என்ன செய்கிறது என்பது: தாங்குகிறதா, இடிக்கிறதா, திருத்துகிறதா. நூலின் சொற்களை அப்படியே எழுதினால் அந்தக் கணமே மேற்கோள் குறி இடுங்கள். மூன்று வாரம் கழித்து அந்த வரி உங்களுடையதா நூலாசிரியருடையதா என்று உங்களாலேயே சொல்ல முடியாமல் போகும். வேண்டுமென்று செய்யாத கருத்துத் திருட்டுகள் பல இப்படித்தான் நேர்கின்றன. வலப்பக்கம் காலியாக இருக்கும் குறிப்பு கட்டுரைக்குள் வரத் தேவையில்லை. உலக மரபுடைமைப் பகுதியின் மையப் பரப்பு 109.38 ஹெக்டர் என்பது உண்மையான விவரம்தான், ஆயினும் இடம்பெயர்வைப் பற்றிய வாதத்தில் அது எதையும் செய்யவில்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான். உழைத்துத் தேடிய விவரத்தைத் தூக்கிப்போட மனம் வராது. போட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. ஜார்ஜ் டவுனின் லெபோ பசார் தெருவில் கடைக்காரர் ஒருவரிடம் பேசிவிட்டு அதைக் கட்டுரையில் சேர்க்கலாம் என்று தோன்றும். மனிதர்களிடம் தரவு திரட்டுவதற்கு ஆய்வு நெறிமுறை ஒப்புதல் தேவைப்படலாம். முதலில் விரிவுரையாளரிடம் கேட்டுவிடுங்கள். இடத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒப்புதல் வேண்டியதில்லை. வெல்டு கீ படகுத்துறைக்கும் கொம்தார் கட்டடத்துக்கும் இடையே ஓடும் 'கேட்' பேருந்துக்குக் கட்டணமும் இல்லை.

6. விடை வாக்கியத்தை உறுதிசெய்யுங்கள்

வாசிப்பு முடிந்ததும் தற்காலிக விடையை எடுத்துத் திருத்துங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு முழு மாலைப்பொழுதைக் கொடுத்தாலும் தகும்.

'ஜார்ஜ் டவுன் மக்கள் இடம்பெயர்ந்ததற்குப் பல காரணங்கள் உள்ளன' என்பது விடையன்று. அதை மறுக்க எவரும் வர மாட்டார்கள். மறுக்க ஆள் இல்லாத வாக்கியத்தில் வாதம் இல்லை. 'மரபுடைமைத் தகுதியால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்பதும் அதே வகைதான். பள்ளியில் சமநிலை என்று பாராட்டப்பட்ட இந்த நழுவல் இங்கே எடுபடாது.

நம் வினாவில் காலவரிசை ஒரு திறவுகோலைத் தருகிறது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. இடைக்காலச் சலுகை 1999 டிசம்பர் 31உடன் முடிந்தது. உலக மரபுடைமைத் தகுதியோ 2008 ஜூலை 7இல் கிடைத்தது. இந்த நாள்களை ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தவர் கீழ்க்கண்டவாறு ஒரு விடையை எழுதலாம்:

'வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதே உள்நகரக் குடியிருப்பாளர்களின் பாதுகாப்பைத் தகர்த்தது. 2008ஆம் ஆண்டுத் தகுதி, ஏற்கெனவே தொடங்கிவிட்ட இடம்பெயர்வை விரைவுபடுத்தியதே அன்றி அதைத் தோற்றுவிக்கவில்லை.'

இதுதான் சரியான விடை என்று நான் சொல்லவில்லை. இதை எதிர்த்து ஒருவர் நன்றாக வாதிட முடியும், இதற்கு ஆதாரமும் காட்ட முடியும். இந்த இரண்டும் அமைந்திருப்பதுதான் முக்கியம்.

திட்டத்தைத் தமிழில் போடலாமா, மலாயிலா ஆங்கிலத்திலா என்று பலர் கேட்பதுண்டு. குறிப்புகளையும் வரைபடங்களையும் உங்களுக்கு வேகமாக வரும் மொழியில் போடுங்கள், தமிழானால் தமிழிலேயே. விடை வாக்கியத்தை மட்டும் கட்டுரை எழுதும் மொழியிலேயே தொடக்கத்திலிருந்து அமையுங்கள். மொழிபெயர்த்துக் கொண்டுவந்த விடை வாக்கியம் அதன் கூர்மையை இழந்துவிடுகிறது.

7. சொற்களைப் பங்கிடுங்கள்

விடை வாக்கியம் கிடைத்துவிட்டால் கட்டமைப்பு அதிலிருந்தே பிறக்கும். மேற்கண்ட விடைக்கு 2000 சொல்லை நான் இவ்வாறு பங்கிடுவேன்: முன்னுரை 200, வாடகைக் கட்டுப்பாடு நீக்கம் 550, மரபுடைமைத் தகுதியின் விளைவு 550, வேறு காரணங்கள் 350, காரணங்களை எடைபோடுதல் 200, முடிவுரை 150.

வேறு காரணங்களுக்கு ஏன் குறைவு என்று கேட்கலாம். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கியபின் வேலையும் வீடுகளும் தீவின் தென்பகுதிக்கு நகர்ந்ததால் இளைய தலைமுறை உள்நகரை விட்டு வெளியேறியது என்ற வாதத்தைத் தவிர்க்க முடியாது. தவிர்த்தால் திருத்துபவர் அதையே கேட்பார். ஆனால் வினா அதை மையமாக வைக்கவில்லை. எனவே அதற்கு உரிய இடத்தைக் கொடுத்து, தாமாக வெளியேறியவர்களையும் வெளியேற்றப்பட்டவர்களையும் பிரித்துக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும்.

எதிர்வாதத்தைக் கட்டுரையின் கடைசியில் ஒரு சடங்காக ஒட்டவைக்காதீர்கள். 'ஆயினும் சிலர் இதை ஏற்பதில்லை' என்று இரண்டு வரி எழுதிவிட்டு முடிவுரைக்குப் பாய்வது, எதிர்வாதம் இல்லாததைவிட மோசமாகத் தெரியும். நம் கட்டுரையில் எதிர்வாதம் மூன்றாம் பகுதிக்குள்ளேயே இருக்கிறது: தகுதி கிடைத்தபின் பழைய கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறியதை முழு வலிமையோடு முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான், அந்த மாற்றத்துக்கு வழிவிட்டது எது என்று கேட்க வேண்டும்.

8. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம்

பத்தி 150 முதல் 250 சொல் வரை இருக்கலாம். ஒரு பத்தி ஒரு செய்தியை மட்டும் நிறுவட்டும். முதல் வாக்கியம் தகவலாக இராமல் கூற்றாக இருக்கட்டும். இரண்டையும் அருகருகே பாருங்கள்.

'1966ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.'

'குடியிருப்பாளர்களின் பிடி தளர்ந்தது மரபுடைமைத் தகுதியால் அன்று. அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதால்.'

முதல் வாக்கியத்தோடு தொடங்கும் பத்தி வரலாற்றுக் கதையாக நீளும். இரண்டாவது வாக்கியமோ அடுத்து ஆதாரம் வந்தே ஆக வேண்டும் என்று உங்களை நெருக்கும். கூற்றுக்குப் பின் ஆதாரம், ஆதாரத்துக்குப் பின் அது எதைக் காட்டுகிறது என்ற உங்கள் விளக்கம், அதன் பின் விடை வாக்கியத்தோடு அது எப்படி இணைகிறது என்பது. விளக்கம்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குச் செல்வது, சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் இறக்கிவிடுவதைப் போன்றது.

முதல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் நகலெடுத்து வரிசையாகப் படியுங்கள். அவையே ஒரு சிறு வாதமாக ஓட வேண்டும். இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றியும் ஒன்றும் கெடவில்லையென்றால் அந்த இடத்தில் தொடர்பு அறுந்திருக்கிறது. கட்டமைப்பைச் சோதிக்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. பத்து நிமிடம்கூட ஆகாது.

9. முன்னுரையும் முடிவுரையும் கடைசியில்

முன்னுரையைக் கடைசியாக எழுதுங்கள். பிரச்சினை என்ன, உங்கள் விடை என்ன, எந்த வரிசையில் நிறுவப்போகிறீர்கள் என்ற மூன்றும் 200 சொல்லுக்குள் அடங்கிவிடும். திருக்குறளோடு தொடங்கும் பள்ளிப் பழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். குறள் மீது குறையொன்றும் இல்லை, ஆனால் வாடகைச் சட்டத்துக்கு அது ஆதாரம் ஆகாது. 'உலகமயமாக்கல் பெருகிவரும் இந்நவீன காலக்கட்டத்தில்' என்ற வரிக்கும் இதே தீர்ப்புதான்.

முடிவுரையில் புதிய ஆதாரத்தைக் கொண்டுவராதீர்கள். 'எந்த அளவுக்கு' என்று கேட்ட வினாவுக்கு, எந்த அளவுக்கு என்பதைச் சொல்லி முடியுங்கள்.

10. மேற்கோள் முறையும் நம் பெயர்களும்

சமூக அறிவியல் துறைகளில் பெரும்பாலும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையின் 2019ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பைக் கேட்பார்கள். அதில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்தால் முதல் முறையிலிருந்தே முதல் ஆசிரியரை மட்டும் குறித்து 'மற்றும் பிறர்' என்று எழுத வேண்டும்; நேரடி மேற்கோளுக்குப் பக்க எண் கட்டாயம்; 40 அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்தள்ளி எழுத வேண்டும்.

இதில் மலேசியர்களுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. கந்தன் ஏ/எல் வேலன் என்று ஓர் ஆசிரியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'ஏ/எல்' என்றால் மலாயில் 'மகன்' என்பதன் சுருக்கம்; வேலன் அவருடைய தந்தை. குடும்பப் பெயர் அன்று. ஆனால் ஸொட்டேரோ, மெண்டலே போன்ற மேற்கோள் மென்பொருள்கள் பெயரின் கடைசிப் பகுதியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, தந்தையையே நூலாசிரியர் ஆக்கிவிடும். 'பின்', 'பிந்தி' வரும் மலாய்ப் பெயர்களுக்கும் இதே கதிதான். ஸொட்டேரோவில் பெயருக்கான இரண்டு கட்டங்களையும் ஒரே கட்டமாக மாற்றும் பொத்தான் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அழுத்தி முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் இடுங்கள். மலேசியப் பெயர்களை எப்படிக் குறிக்க வேண்டும் என்று உங்கள் பல்கலைக்கழகக் கையேட்டில் விதி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எந்த மென்பொருளானாலும் இறுதிப் பட்டியலை ஒரு முறை கண்ணால் சரிபார்க்காமல் ஒப்படைக்கக் கூடாது.

11. டர்னிட்டின் அறிக்கை

டர்னிட்டின் என்பது உங்கள் கட்டுரையின் வரிகள் வேறு ஆக்கங்களோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் மென்பொருள். ஒப்புமை விழுக்காட்டின் வரம்பு துறைக்குத் துறை மாறும். பாடத்திட்டத் தாளில் பாருங்கள். விழுக்காட்டைவிட, எந்த வரிகள் வண்ணமிடப்பட்டுள்ளன என்பதே முக்கியம். துணைநூல் பட்டியலும் சட்டத்தின் பெயரும் வண்ணத்தில் தெரிவது இயல்பு. ஒரு முழுப் பத்தி ஒரே வண்ணத்தில் தெரிந்தால் அதைத் திருத்தியாக வேண்டும். வண்ணம் மறைவதற்காகச் சொற்களை மட்டும் மாற்றுவது உதவாது. நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள்.

நேரக் கணக்கில் இரண்டு கண்ணிகள் உண்டு. மூன்று முறை மாற்றிப் பதிவேற்றிய பிறகு அடுத்த அறிக்கைக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே கடைசி இரவில் சோதனை ஓட்டம் பார்க்க முடியாது. இரண்டாவது கண்ணி இன்னும் கொடியது: வேறொரு வகுப்பில் படிக்கும் நண்பருடைய கணக்கின் வழியாக உங்கள் வரைவைச் சோதித்தால், அது களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டு, பிறகு நீங்கள் ஒப்படைக்கும் கட்டுரை உங்கள் வரைவோடே முழுமையாக ஒத்துப்போவதாகக் காட்டக்கூடும்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் அறிவிக்க வேண்டுமா என்பதையும் பாடத்திட்டத் தாளில் பாருங்கள். அவை கொடுக்கும் நூற்பெயர்களில் இல்லாத நூல்களும் கலந்திருக்கும். நூலகத்தில் தேடிக் கிடைக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். கட்டுரையைக் கூகுள் டாக்ஸிலோ பல்கலைக்கழகம் தரும் மென்பொருளிலோ தொடக்கத்திலிருந்தே எழுதினால் திருத்த வரலாறு தானாகப் பதிவாகும். ஐயம் எழுந்தால், கட்டுரை உங்கள் கையால் வளர்ந்ததற்கு அதுவே சான்று.

12. செலவு

முறையாகச் செய்தால் செலவு மிகக் குறைவு. ஸொட்டேரோ இலவசம், அதில் 300 மெகாபைட் வரை கட்டணமின்றிச் சேமிக்கலாம். எழுது மென்பொருளைப் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியின் வழியாக இலவசமாகப் பெற முடியுமா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் பணம் கொடுங்கள். தாளில் ஒப்படைக்கச் சொன்னால் அச்சிடவும் கட்டவும் சில ரிங்கிட் ஆகும். கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு 10 சென் அளவில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் வாரத்தில் அச்சுக் கடையில் வரிசை நீளும் என்பதால் முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

பணம் கொடுத்து மொழித்திருத்தம் செய்வதற்கு முன், உங்கள் மொழி மையத்தில் எழுத்துப் பயிற்சி உதவி இருக்கிறதா என்று விசாரியுங்கள். 'கட்டுரை எழுதித் தரப்படும்' என்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் விளம்பரங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அது ஒழுங்கு நடவடிக்கையில் முடியும். பணம் வாங்கியவரே பின்னர் உங்களை மிரட்டவும் கூடும்.

13. ஒப்படைக்கும் நாளும் அதற்குப் பிறகும்

அட்டைப் பக்கத்தில் பெயர், மாணவர் எண், பாடக் குறியீடு, பயிற்றுநர் பெயர், சொல் எண்ணிக்கை ஆகியவையும், கேட்டிருந்தால் கையொப்பமிட்ட உறுதிமொழித் தாளும் இருக்க வேண்டும். இணையத்தில் பதிவேற்றியதும் வரும் ரசீதைச் சேமித்து வையுங்கள். நள்ளிரவு 11.59க்கு மூடும் தளத்தில் 11.50க்கு நுழைவது தேவையற்ற துணிச்சல், மாலையிலேயே முடித்துவிடுங்கள். உடல்நலக் குறைவால் கால நீட்டிப்பு வேண்டுமானால், மருத்துவச் சான்றிதழோடு ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் அது தாமதக் கணக்கில் போய்விடும்.

புள்ளி வந்ததும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், ரூப்ரிக்கின் எந்த வரியில் இழந்தீர்கள் என்று பாருங்கள். விளங்காவிட்டால் விரிவுரையாளரின் சந்திப்பு நேரத்தைக் கேட்டுப் போங்கள். 'ஏன் இவ்வளவு குறைவு?' என்று தொடங்காமல், ஒரு பத்தியைச் சுட்டி, 'இந்த இடத்தில் விளக்கம் எப்படி அமைந்திருக்க வேண்டும்?' என்று கேளுங்கள். புள்ளியை மறு ஆய்வு செய்ய விண்ணப்பிப்பதானால் அதற்குத் தனிக் காலக்கெடு உண்டு, கட்டணமும் இருக்கக்கூடும். அந்தப் படிவத்தைப் புலத்தின் அலுவலகத்தில் கேளுங்கள்.